400 ஜிபிக்குப் பிறகு படுத்துவிடும் எஸ்எஸ்டி: செம்பூர் வீடியோ கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மும்பை செம்பூரில் கல்யாண வீடியோ எடிட் செய்து தரும் சிறிய கூடம் அது. மாதுங்கா, சயான், முலுண்ட் பக்கத்துத் தமிழ்க் கல்யாணங்கள்தான் பெரும்பாலும் வேலை. மூன்று கேமராக்களும் 4கே-யில் வினாடிக்கு 200 மெகாபிட் அளவில் பதிவு செய்கின்றன. மணிக்கு 90 ஜிபி என்று கணக்கு. மாலை வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமும் சேர்ந்து கேமராவுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால், ஒரு கல்யாணத்துக்கு 1350 ஜிபி. மண்டபத்திலேயே மெமரி கார்டுகளிலிருந்து லேப்டாப் வழியாக ஒரு வெளி எஸ்எஸ்டிக்கு (சிப்களில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) ஏற்றுகிறார்கள். கூடத்துக்கு வந்ததும் அதை எடிட்டிங் கணினிக்கு மாற்றுகிறார்கள். வேலை முடிந்தபின் காப்பகத்துக்கென்று வைத்திருக்கும் 4 டிபி சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு வகை) எஸ்எஸ்டிக்கு ஒரு நகல் போகிறது.

உரிமையாளர் சொன்ன புகார் இதுதான்: "அண்ணே, முந்நூறு நானூறு ஜிபி வரைக்கும் பறக்குது. அப்புறம் படுத்துடுது. சில நேரம் டிரைவே காணாமப் போயிடுது." ஏற்கெனவே ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியே பரப்பும் உலோகத் தகடு) ஒன்று வாங்கி ஒட்டியிருந்தார்கள். ஏசி போட்டுப் பார்த்திருந்தார்கள். கேபிளை மாற்றியிருந்தார்கள். எதுவும் நிலையாகக் கைகொடுக்கவில்லை.

காரணம், ஒரே புகார் போலத் தெரிந்தது உண்மையில் நான்கு தனித்தனிக் கோளாறுகள். அவற்றில் இரண்டு மட்டுமே சூட்டால் வந்தவை. எஸ்எஸ்டி மெதுவானாலே "சூடாகிவிட்டது" என்று முடிவு கட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதனால்தான் ஹீட்சிங்க் வாங்கிய பலருக்கும் பலன் கிடைப்பதில்லை. எந்த இடத்தில் எதனால் மெதுவாகிறது என்று பிரித்துப் பார்த்த பிறகே பணம் செலவழிக்க வேண்டும்.

எப்படி அளந்தோம்

விண்டோஸின் காப்பி சாளரத்தில் தெரியும் வேகத்தை நம்பக்கூடாது. முதல் சில ஜிபி கணினியின் ரேமில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் 2 ஜிபி வேகம் தெரியும், டிரைவுக்கோ அதில் பாதிகூடப் போயிருக்காது. எனவே எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து 2 வினாடிக்கு ஒருமுறை கோப்பில் பதியவிட்டோம்: டிரைவின் வெப்பநிலை, உண்மையான எழுதும் வேகம், அதுவரை எழுதிய மொத்த ஜிபி. மூன்றும் ஒரே நேரக்கோட்டில் இருப்பதுதான் முக்கியம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவின் வெப்பநிலையை எல்லாப் பெட்டிகளும் வெளியே காட்டாது. டிரைவுக்கும் யுஎஸ்பிக்கும் நடுவில் இருக்கும் பிரிட்ஜ் சிப் அந்தத் தகவலைக் கடத்த வேண்டும். ரியல்டெக், ஏஎஸ்மீடியா, ஜேமைக்ரான் சிப்களுக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருள்கள் வழி வைத்திருக்கின்றன. அதிலும் தெரியவில்லை என்றால் அந்த டிரைவை மதர்போர்டில் மாட்டி அதன் ஸ்மார்ட் பதிவுகளை (டிரைவ் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு) படித்துவிடலாம். அங்கே எச்சரிக்கை வெப்பநிலையைத் தாண்டி ஓடிய நேரம், அபாய வெப்பநிலையைத் தாண்டி ஓடிய நேரம் இரண்டும் நிமிடக் கணக்கில் பதிவாகியிருக்கும். டிரைவ் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்ட எண்ணிக்கையும் பல டிரைவ்களில் இருக்கும். வெப்பநிலை 330-ஐ ஒட்டி வந்தால் பயப்பட வேண்டாம், அது கெல்வின், 273-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். இங்கே வெளி டிரைவின் எச்சரிக்கை நேரம் பூஜ்ஜியத்தைவிட நிறையவே மேலே இருந்தது. காப்பக டிரைவில் சூட்டுக்கான தடயமே இல்லை. பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது.

மீதிப் பாதியை வரைபடத்தின் வடிவம் சொல்லிவிடும். வேகம் ஒரு குறிப்பிட்ட ஜிபி அளவில் படிபோலச் சட்டென்று இறங்கி, அதன்பின் சமமாகவே ஓடினால் அது கேஷ் (வரும் தரவை முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும் பகுதி) தீர்ந்ததன் அடையாளம். வெப்பநிலை அப்போது 45 டிகிரியாகக்கூட இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டதும் விழுந்து, சற்று ஆறியதும் எழுந்து, மறுபடி விழுந்து ரம்பப் பல் போல ஓடினால் அதுதான் சூடு. நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூஜ்ஜியத்துக்குப் போய், விண்டோஸில் தெரியும் டிரைவ் எழுத்தே (D:, E: போன்றது) மறைந்துவிட்டால் முதலில் மின்சாரத்தையும் கேபிளையும் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. "அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடுகிறது, அப்படியென்றால் சூடுதானே" என்று பலர் சொல்வார்கள். ஓய்வு கொடுத்தால் சூடும் தணியும், கேஷும் காலியாகும். எனவே அந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது மின்விசிறிதான். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவுக்கு நேரே டேபிள் ஃபேனைத் திருப்புங்கள். சூடு காரணம் என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் வேகம் ஏறும். கேஷ் காரணம் என்றால் அசையவே அசையாது.

வெளி டிரைவ்: உண்மையான சூடு

எம்.2 2280 அளவு (22 × 80 மில்லிமீட்டர் பலகை) என்விஎம்இ டிரைவ், அலுமினிய என்க்ளோஷர் (வெளிப்பெட்டி), 10 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 10 கிகாபிட்) யுஎஸ்பி-சி. மே மாத மாலை, ஏசி இல்லாத அறை, 33 டிகிரி. காப்பி தொடங்கியதும் வினாடிக்கு 900 எம்பி. ஏழாவது நிமிடம் தாண்டியதும், ஏறத்தாழ 400 ஜிபி ஏறியிருக்கும் வேளையில், டிரைவின் வெப்பநிலை 84-ஐத் தொட்டது. அங்கிருந்து வேகம் 120 எம்பிக்கு விழுந்து, 400 வரை எழுந்து, திரும்பவும் விழுந்து ரம்பமாகவே ஓடியது. 25 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய 1350 ஜிபி, 1 மணி 40 நிமிடம் இழுத்தது.

பெட்டியைத் திறந்தபோது தவறுகள் வரிசையாகத் தெரிந்தன. விழுந்தால் அடிபடக்கூடாது என்று பெட்டிக்கு ஒரு சிலிக்கான் உறை போட்டிருந்தார்கள். அலுமினியம் வெளியே தள்ள வேண்டிய சூட்டை ரப்பர் உள்ளேயே மூடி வைத்திருந்தது. போதாததற்கு, மண்டபத்தில் வேலை செய்யும்போது பெட்டியை வெல்க்ரோவால் லேப்டாப் மூடியின் பின்பக்கம் ஒட்டிவிடுவது வழக்கம். அப்படி ஒட்டினால் பெட்டியின் ஒரு முகம் முழுக்க வீண்.

உள்ளே அதைவிட முக்கியமான தவறு. பெட்டியோடு வந்த தெர்மல் பேடு (சிப்பின் சூட்டை மூடிக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டை) டிரைவின் பின்பாதியில், தரவு தங்கும் நேண்ட் சிப்களின் மேல் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. கனெக்டரை ஒட்டி இருக்கும், டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் திறந்த வெளியில் கிடந்தது. என்விஎம்இ டிரைவில் விரல்நகம் அளவேயான அந்தக் கன்ட்ரோலர்தான் முதலில் கொதிப்பது. தன்னை மெதுவாக்கிக்கொள்ளும் முடிவை எடுப்பதும் அதுவே. நேண்ட் சிப்களைப் பனிக்கட்டி போலக் குளிர்விக்க வேண்டிய தேவையில்லை. எழுதும்போது அவை மிதமான சூட்டில் இருப்பது தரவு தங்குவதற்கு நல்லதே. 70 டிகிரிக்குக் கீழே இருந்தால் போதும். பேடு பற்றாக்குறை என்றால் முதல் உரிமை கன்ட்ரோலருக்கு.

பேடின் தடிமனும் பொருந்தவில்லை. 0.5 மில்லிமீட்டர் பேடு ஒட்டப்பட்டிருந்தது. சிப்புக்கும் மூடிக்கும் இடையே இருந்த இடைவெளியோ அதைவிட அதிகம். பேடு மூடியைத் தொடவே இல்லை, நடுவே காற்று. இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. குழந்தைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணைக் கடலை அளவு உருட்டி, இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்து, கன்ட்ரோலரின் மேல் வையுங்கள். பெட்டியை மூடித் திருகை முடுக்கி, உடனே திறங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமனை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் அதுவே இடைவெளி. இங்கே 1.2 மில்லிமீட்டர் வந்தது. பேடு அதைவிட 20 முதல் 30 சதவீதம் தடிமனாக இருந்து அமுங்க வேண்டும், எனவே 1.5 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பார்கள். அல்ல. அத்தனை தடிமனைத் திருகி இறுக்கினால் டிரைவின் பலகை நடுவில் வளையும், சிப்பின் அடியிலுள்ள ஈயப் பற்றுகள் விரிசல் விடும். பேடின் வெப்பக் கடத்துத்திறன் 6 வாட்/மீட்டர்-கெல்வின் இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். அட்டையில் 15 என்று அச்சிட்டு விற்கும் விலை உயர்ந்த பேடுக்கு இங்கே வேலையில்லை. பேடு இரு பக்கமும் முழுதாகத் தொடுவதுதான் அந்த எண்ணைவிடப் பெரிது.

பேடு ஒட்டும்போது இரண்டு பக்கமும் உள்ள பாதுகாப்புப் படலத்தை உரித்தே ஆக வேண்டும். டிரைவின் மேல் இருக்கும் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். பல டிரைவ்களில் அதன் அடியில் செம்பு அல்லது கிராஃபைட் தகடு இருக்கும், அதுவே சூட்டைப் பரப்பும். உரித்தால் வாரன்ட்டியும் போய்விடும்.

பேடு சரியானதும் எல்லாம் முடிந்ததா? இல்லை. இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டியிருக்கிறது.

கணக்கு சொல்வது

யுஎஸ்பி மின்மானியை நடுவில் மாட்டிப் பார்த்தபோது முழு வேகத்தில் 5.1 வோல்ட், 1.2 ஆம்பியர் காட்டியது. 6 வாட். இந்த 6 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் பெட்டியை விட்டு வெளியேற வேண்டும். பெட்டியின் அளவு 110 × 40 × 13 மில்லிமீட்டர். ஆறு முகங்களையும் கூட்டினால் 0.0127 சதுர மீட்டர். காற்று அசையாத அறையில் ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 10 வாட் வெளியே தள்ளும். ஆக இந்தப் பெட்டி டிகிரிக்கு 0.127 வாட்தான் தள்ளும். 6-ஐ 0.127 ஆல் வகுத்தால் 47. அறையைவிட 47 டிகிரி அதிகமாகப் பெட்டி சூடான பிறகே வரவும் செலவும் சமமாகும். அறை 33 என்றால் பெட்டி 80. கன்ட்ரோலர் அதற்கும் மேலே. இந்த டிரைவ் 84-இல் தன்னை மெதுவாக்கிக்கொள்கிறது. பேடு எத்தனை நல்லதாக இருந்தாலும் நீண்ட காப்பியில் இந்தப் பெட்டி தோற்றே தீரும்.

பிறகு ஏன் முதல் 400 ஜிபி நன்றாகப் போனது? பெட்டியின் எடை 80 கிராம். அலுமினியம் ஒரு கிராமுக்கு ஒரு டிகிரி ஏற 0.9 ஜூல் வாங்கும். முழுப் பெட்டிக்கும் 72 ஜூல். எனவே 6 வாட் கொடுத்தால் தொடக்கத்தில் 12 வினாடிக்கு ஒரு டிகிரி என்ற நிதானத்தில்தான் ஏறும். அந்த எடை சூட்டைத் தாங்கிக்கொண்ட நிமிடங்கள்தான் 400 ஜிபி. ஹீட்சிங்க்கை வாங்கும்போது நாம் வாங்குவதில் பெரும்பங்கு இந்தத் தாமதத்தைத்தான். 50 ஜிபி, 100 ஜிபி காப்பி செய்பவருக்கு அந்தத் தாமதமே தீர்வு. 1350 ஜிபி காப்பி செய்பவருக்கு அது போதாது; அவருக்குக் காற்றோட்டம் வேண்டும்.

காற்றை அசைத்தால் அந்த 10 வாட் 30-ஐ ஒட்டி ஏறும். பெட்டி அறையைவிட 16 டிகிரிதான் கூடும். லாமிங்டன் ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 80 மில்லிமீட்டர் யுஎஸ்பி ஃபேனை வாங்கி, சிலிக்கான் உறையைக் கழற்றிய பெட்டியை நீளவாக்கில் நிற்க வைத்து, காற்று அகன்ற முகத்தை உரசிப் போகும்படி ஒரு சாண் தூரத்தில் வைத்தோம். ஃபேனுக்கு மின்சாரம் தனி சார்ஜரிலிருந்து. டிரைவ் மாட்டிய அதே ஹப்பிலிருந்து எடுக்கக்கூடாது. அதே அறை, அதே 33 டிகிரி, அதே 1350 ஜிபி. உச்ச வெப்பநிலை 61. வேகம் 900-ஐ விட்டு இறங்கவில்லை. 25 நிமிடத்தில் முடிந்தது.

ஃபேன் இல்லாத மண்டபத்தில் என்ன செய்வது? வேகத்தை நாமே குறைத்துக்கொள்வது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் கணக்கு தெளிவு. 450 எம்பிக்குக் கட்டுப்படுத்தினால் மின்செலவு 4 வாட்டை ஒட்டி இறங்குகிறது, பெட்டி 66-ஐத் தாண்டுவதில்லை, டிரைவ் தன்னை மெதுவாக்கிக்கொள்ளத் தேவை ஏற்படுவதில்லை. 1350 ஜிபி 50 நிமிடம். முழு வேகத்தில் விட்டு 84-இல் முட்டி முட்டி ஓடியபோது ஆனது 100 நிமிடம். ஆர்சிங்க் என்ற காப்பி மென்பொருளில் வேக வரம்பைக் கட்டும் வசதி நேரடியாகவே உண்டு. விண்டோஸ் 11-இல் வரும் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளையிலும் வினாடிக்கு இத்தனை எம்பி என்று வரம்பு வைக்க முடியும். பழைய ரோபோகாப்பியில் பொட்டலங்களுக்கு இடையே மில்லிவினாடி இடைவெளி விடும் ஸ்விட்ச் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்துத்தான் எண்ணை நிர்ணயிக்க வேண்டும். இவை எதுவும் வசப்படாவிட்டால் 300 ஜிபிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி நிறுத்தி ஏற்றலாம். கார்டு கார்டாக ஏற்றுபவர்களுக்கு அது இயல்பாகவே வந்துவிடும்.

டிரைவ் காணாமல் போவது

இது லேப்டாப்பின் பழைய, அகன்ற யுஎஸ்பி-ஏ துளையில் மாட்டும்போது மட்டுமே நடந்தது. காணாமல் போன வேளையில் வெப்பநிலை 52. சூட்டுக்கு இதில் பங்கில்லை. யுஎஸ்பி 3 தரப்படி அந்தத் துளை கொடுக்கக் கடமைப்பட்டது 900 மில்லிஆம்பியர், அதாவது 4.5 வாட். டிரைவும் பிரிட்ஜும் சேர்ந்து 6 வாட் கேட்கின்றன. எழுதும்போது ஒரு நொடி இன்னும் அதிகம் கேட்கும். பல லேப்டாப்கள் வரம்புக்கு மேலும் கொஞ்சம் கொடுத்துச் சமாளிக்கும். இங்கே ஒரு மீட்டர் நீள மெல்லிய கேபிள் வேறு இருந்ததால் பெட்டியின் வாசலில் மின்னழுத்தம் 4.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது, பிரிட்ஜ் சிப் தன்னை ரீசெட் செய்துகொண்டது.

யுஎஸ்பி-சி துளை, 30 சென்டிமீட்டர் கேபிள். அவ்வளவுதான் மாற்றம். சி துளை வழக்கமாக 1.5 ஆம்பியர் அல்லது 3 ஆம்பியர் கொடுக்கும், 7.5 வாட், 15 வாட்.

இதைச் சூடு என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டிருந்ததுதான் கவலை தந்தது. சூட்டால் டிரைவ் மெதுவாவதில் தரவுக்கு ஆபத்தில்லை. அது தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. எழுதும் நடுவில் தொடர்பு அறுவது அப்படியல்ல. வெளி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறை வடிவத்தில் இருக்கும். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய உதவும் முன்குறிப்பு) கிடையாது. நடுவில் அறுந்தால் கோப்புப் பட்டியலே குலையலாம். ஒருவருடைய தாலி கட்டும் காட்சி அதில் இருக்கிறது. இரண்டாவது டேக் கிடையாது. எனவே காப்பி முடிந்ததும் ஹாஷ் (கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மென்பொருளை ஓட்டி, இரண்டு இடத்தில் நகல் உறுதியான பிறகே கார்டை ஃபார்மட் செய்வது என்று கூடத்தில் விதி வைத்தோம். சரிபார்ப்பதும் டிரைவை முழு வேகத்தில் படிக்கும் வேலைதான், அதுவும் சூடாக்கும். அது முடியும்வரை ஃபேனை அணைக்க வேண்டாம்.

காப்பக டிரைவ்: சூடே இல்லை

4 டிபி சாட்டா எஸ்எஸ்டி, க்யூஎல்சி வகை. முதல் 78 ஜிபி 500 எம்பி வேகம், பிறகு 160-க்கு ஒரே இறக்கம், கடைசிவரை அதே 160. வெப்பநிலை 46. ஃபேன் வைத்தும் ஒரு எம்பி கூடவில்லை. க்யூஎல்சி ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கிறது. அப்படி எழுதுவது மெதுவான வேலை. அதனால் டிரைவின் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட்டாக வைத்து, வரும் மூட்டைகளை முதலில் திண்ணையில் இறக்கிப் பிறகு நிதானமாக உள்ளே அடுக்குவது போல வேலை செய்கிறது. திண்ணை நிரம்பியதும் நேராக உள்ளே கொண்டுபோக வேண்டும், அந்த நேரம்தான் 160. இந்த எண்கள் தயாரிப்பாளரின் தரவுத்தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. வாங்கும்போது யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. டிரைவ் நிரம்ப நிரம்பக் கேஷின் அளவு இன்னும் சுருங்கும் மாடல்களும் உண்டு.

1350 ஜிபி ஏற 2 மணி 15 நிமிடம். கூடத்தார் இதற்கும் ஹீட்சிங்க் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பரிந்துரை வேறு: காப்பகத்துக்கு எஸ்எஸ்டியே வேண்டாம். சுமாரான 7200 சுழற்சி ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாக 200 எம்பி எழுதும், இந்த வேலையில் க்யூஎல்சியைவிட வேகம், விலையும் ஜிபிக்குக் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. நுகர்வோர் எஸ்எஸ்டிகளுக்கான ஜெடெக் (சிப் துறையின் தர அமைப்பு) தரம், எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில், மின்சாரமின்றி 30 டிகிரியில் ஒரு வருடம் தரவு தங்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. புதிய டிரைவில் அதைவிட நெடுங்காலம் தங்கும் என்பது உண்மை. ஆனாலும் மும்பை வெயிலில், மேல்மாடி அலமாரியில், வருடக்கணக்கில் மின்சாரம் பார்க்காமல் கிடக்கப் போகும் கல்யாண வீடியோவுக்கு ஃப்ளாஷ் சரியான இடமல்ல. அறையின் சூடு ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும்.

எடிட்டிங் கணினிக்குள்

இங்கே கோளாறு ஒருபுறம் ரெண்டர் ஓடும்போது மறுபுறம் காப்பி செய்தால் மட்டும் தலைகாட்டியது. பி550 சிப்செட் கொண்ட மதர்போர்டு. 2 டிபி ஜென் 4 (பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை) டிரைவ், பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவே உள்ள முதல் எம்.2 ஸ்லாட்டில். மதர்போர்டோடு வந்த ஹீட்சிங்க் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தது போலத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் பேடின் மேல் மெல்லிய நீலப் படலம் அப்படியே இருந்தது, அதில் சிப்பின் சதுர அச்சு லேசாகப் பதிந்திருந்தது. கணினி அசெம்பிள் செய்தவர் உரிக்க மறந்திருக்கிறார். எங்கு போனாலும் காணக்கூடிய தவறு இது. படலத்தை உரித்து, திருகைக் குறுக்காக இல்லாமல் நேராக, விரல் இறுக்கத்துக்குச் சற்று மேலே முடுக்கியதும் அதே வேலையில் உச்சம் 84-இலிருந்து 68-க்கு வந்தது.

கிராஃபிக்ஸ் கார்டின் சூடான மூச்சு நேராக அந்த ஸ்லாட்டில் படுவது இன்னும் இருக்கிறது. ஆகஸ்டில் ரெண்டர் வேலை கூடும்போது தேவைப்பட்டால் டிரைவைக் கீழே உள்ள இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றலாம். பி550-இல் அது ஜென் 3 வேகம்தான், 3500 எம்பிக்குள். வெளி டிரைவிலிருந்து வருவதே 900 என்பதால் காப்பியில் இழப்பு ஏதும் தெரியாது. கணினிப் பெட்டியின் முன்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று உள்ளே இழுக்கும்படி ஓட வேண்டும். அதன் தூசி வடிகட்டி கம்பளம் போல அடைத்திருந்தது, கழுவிப் போட்டாயிற்று.

செய்யக்கூடாத ஒன்று

ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி அதன் மேல் டிரைவை வைத்திருக்கிறார்கள். ஏசியின் காற்றுவாயில் நேரே செருகி வைப்பதும் நடந்திருக்கிறது. மும்பைக் காற்றில் மே மாதம் இருக்கும் ஈரத்துக்கு, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த உலோகத்திலும் நீர் படியும். ஐஸின் மேல் வைத்த பெட்டி வெளியே மட்டும் வியர்ப்பதில்லை. கேபிள் துளை வழியாக உள்ளே போகும் காற்றும் பலகையின் மேல் நீராகிறது. அந்த நேரம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கடலோர ஊரில் அந்த நீரில் உப்பும் சேர்ந்தால் கனெக்டர் பச்சை பூத்துவிடும். அறைக்காற்றை வேகமாக அடித்தாலே போதும். அறைக்காற்றால் ஆறும் எதுவும் அறையைவிடக் குளிராது, எனவே வியர்க்கவும் வியர்க்காது. குளிர்ந்த ஏசி அறையிலிருந்து மண்டபத்துக்கு எடுத்துப் போன டிரைவையும் பையிலேயே அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு மாட்டுவது நல்லது.

கடைசியாக உரிமையாளர் கேட்டார்: "அண்ணே, இருபது ஜிபிபிஎஸ் பெட்டி வந்திருக்காமே, மாத்திடலாமா?" அவருடைய லேப்டாப்பின் சி துளை 10 ஜிபிபிஎஸ் வரைதான். யுஎஸ்பியின் அந்த 20 ஜிபிபிஎஸ் முறையைப் பல லேப்டாப்கள் ஏற்பதில்லை. மாட்டினால் சத்தமில்லாமல் 10-க்கு இறங்கிவிடும். 40 ஜிபிபிஎஸ் பெட்டி, அதற்கேற்ற துளை இரண்டும் இருந்தால் வேகம் உண்மையாகவே கூடும். ஆனால் அதன் பிரிட்ஜ் சிப்பும் டிரைவும் சேர்ந்து இப்போதைய 6 வாட்டைவிட நிறையவே கேட்கும். உள்ளேயே ஃபேன் வைத்த பெட்டியாக இல்லாவிட்டால், அதே 0.0127 சதுர மீட்டர் அலுமினியத்தில் இன்னும் சீக்கிரமாக 84-இல் போய் முட்டும். லேப்டாப்பை மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, இருக்கும் பெட்டிக்கே இன்னொரு 1.5 மில்லிமீட்டர் பேடை வெட்டிக் கொடுத்தோம். டிரைவ் மாற்றும்போது பழைய பேடு கிழிந்துவிடும், கையிருப்பு ஒன்று இருக்கட்டும்.